பாக்கி எழுபத்திரண்டு பஸ்கி

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் எல்லா எந்திரமும் ஒரு நாள் நின்றிருக்கிறது. எங்கள் ஸ்டோர் கீப்பர் நின்றதில்லை. உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தார். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் 'பஸ்கி'.

சர்க்கரை வந்ததும் டாக்டர் தினம் இருபது பஸ்கி போடச் சொன்னார். "நான் தினம் ஒண்ணு கூட்டிக்கறேன்" என்றார் இவர். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அது முந்நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது.

நட்டு வேண்டும் என்று போய் நின்றால், கவுண்டருக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை எழும்பும், "என்ன சைஸு?" என்று கேட்கும், மறையும். பதில் சொல்ல அது மறுபடி எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை சக ஊழியரின் அப்பா இறந்த வீட்டில், மூலையில் நின்று பாக்கி முப்பதைப் போட்டு முடித்தார். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் கேட்டார்: "பாவம், எப்படித் தவிக்கிறாரு! பெரியவருக்கு ரொம்ப நெருக்கமா?"

"ரொம்ப" என்றேன்.

எங்கள் சிரிப்பு நின்றது அவருக்கு முழங்கால் வீங்கியபோதுதான். காய்ச்சலிலும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஒரு நாள் விட்டா என்னண்ணா ஆகும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஆரம்பிச்ச வாரந்தான் வூட்டுக்காரிக்கு மார்ல கட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தமா இருக்குது. இப்பப் போய் நிறுத்தச் சொல்றியா?"

நட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

ஒரு நாள் காலையில் முந்நூற்று நாற்பதில் உட்கார்ந்தவர் எழவில்லை. தூக்கி நாற்காலியில் வைத்தோம். வலிக்காக அழுகிறார் என்று நினைத்தோம். "இன்னும் பாக்கி இருக்குதுப்பா" என்றார்.

ஸ்கேன் விஷயத்தை எல்லோருக்கும் சொன்னேன். லேத் ஓட்டும் கன்னடக்காரன் மஞ்சு சட்டைக் கையை மடித்தான். "பாக்கி எஷ்டு சார்? நாங்க போட்டுடறோம்."

எழுபத்திரண்டு. ஆறு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு. அவர் நாற்காலியில் இருந்தபடி கண்டிப்பாக எண்ணினார். எனக்கு இரண்டு செல்லாது என்று திரும்பப் போட வைத்தார்.

அந்த நேரத்தில்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அவர் மனைவி வந்தார். ஆறு தடியர்கள் எழுந்து உட்காருவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பஸ்கி தலை குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னார்.

"எனக்காகவா?" அந்த அம்மாள் அவர் தோளைப் பிடித்து எழுப்பினார். "கால் போச்சுன்னா என்னை யாரு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறது? நட, ஆட்டோ நிக்குது."

மூன்று வாரம் ஓய்வு. பஸ்கி கூடவே கூடாது என்றார் டாக்டர். தன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அந்த அம்மாள் விட்டாராம்.

அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு வேளையில் நாங்கள் ஆறு பேர் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அவருடைய முழுக் கணக்கும், ஆளுக்கு எழுபது சொச்சம். எங்களில் ஒருவருக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரு நாளும் விடவில்லை.