மரத்துப்போன வாயோடு பெண் பார்த்தது

ஞானப்பல் என்று பெயர் வைத்தவருக்கு அந்தப் பல் ஒழுங்காக முளைத்திருக்க வேண்டும். எனக்கு முளைக்கவே இல்லை. கீழ்த்தாடையில் ஈறுக்குள்ளேயே படுத்துக்கொண்டு, பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆளைப்போலப் பக்கத்துப் பல்மேல் சாய்ந்துகிடந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த நாமக்கல் பல் டாக்டர், ஈறைக் கீறி, பல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், பொங்கலிலிருந்து ஆனி வரை யோசித்தேன். (ஞானம் அவசரப்படாது.)

ராசிபுரத்துக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய அன்று காலை வலி உச்சத்துக்கு ஏறியது. அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும், நாளை மாற்ற முடியாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் முற்பகலில் ஊசி போட்டுப் பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடித்தபடி மதியமே பெண் வீட்டில் உட்கார்ந்தேன். பல் விஷயத்தை மூச்சுவிடக் கூடாது என்று வழியெல்லாம் அம்மாவின் உத்தரவு. மாப்பிள்ளை சொத்தைப் பல்காரன் என்று பேச்சாகிவிடுமாம்.

கோகிலா வந்து நின்றாள். போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது, நேரில் இன்னும் பிடித்தது. கண்ணியமாக ஒரு புன்னகை செய்தேன். வலது பக்கம் மரத்திருந்ததால் இடது பக்கம் மட்டும் மேலே போயிருக்கிறது. எங்கள் பக்கம் அதற்கு நக்கல் சிரிப்பு என்று பெயர்.

அடுத்து நெய் மிதக்கும் கேசரி வந்தது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம், தொடாமல் எழுந்தால் வேறு இடம் பாருங்கள் என்று அர்த்தம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவள் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அவள் உள்ளே திரும்பினாள். சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்று பதறி, தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

பாதி உள்ளே போனது. மீதி புதுச்சட்டையில் விழுந்தது. கூடவே பஞ்சும் விழுந்து, கடைவாயில் ரத்தமும் வழிந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அதே நக்கல் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு என்ன சீக்குங்க?" என்றார் அவள் அப்பா.

அம்மா உண்மையைக் கக்கினார். நல்ல காரியத்தில் ரத்தமா என்று யாரோ முனகினார்கள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் கதவோரத்திலிருந்து கோகிலா பேசினாள்.

"பல்லப் புடுங்குன அன்னைக்கே நம்மூட்டுல வந்து கை நனைக்கறாரு. இதுக்கு மேல என்ன சம்மதமுங்கப்பா வேணும் உங்களுக்கு?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் தியாகத்தைக் காலத்துக்கும் பேசுவார்கள் என்று நம்பியிருந்தேன். பேசத்தான் செய்கிறார்கள், கதைதான் வேறு. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டுதான் இவர் என்னைப் பார்க்கவே வந்தார் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கோகிலா சொல்கிறாள், பந்தியே சிரிக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு அவள் ராசிபுரம் போய்விட்டால், சமாதானம் பேச நானும் பின்னாலேயே போகிறேன். மாமனார் வாசலில் நின்று மரியாதையாக வரவேற்று, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்.

"ஏனுங்க மாப்பள, ஊசி வேகம் எறங்கிருச்சுங்களா?"