குஷன் கடைக்காரர் வீட்டில் ஒரு செய்முறை விளக்கம்

பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டால் சொல்ல வேண்டும். செய்து காட்டக் கூடாது. இது எனக்குப் புரிந்தபோது சங்கரன்கோவிலில் ஒரு வீடே புகையாக இருந்தது.

அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஃபோம், திரைச்சீலை எல்லாம் எரித்து, அந்தப் புகையை எலி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் வேலை. (புளியங்குடியில் அம்மா ‘விஞ்ஞானி’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.)

பெண்ணின் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் குஷன் கடை வைத்திருந்தார். என் வேலையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம கடை ஃபோம் எப்படி தம்பி?”

“இந்த வகைய டெஸ்ட் பண்ணிட்டோம் மாமா. எலிக்கு ஒண்ணுமே ஆகல.”

அதோடு நிறுத்திக் கேசரியைச் சாப்பிட்டிருக்கலாம். யாரும் கேட்காமலே, மூலையில் கிடந்த கடை ஃபோமில் தீப்பெட்டி அளவு பிய்த்துத் தட்டில் வைத்துப் பற்றவைத்தேன். கரும்புகை சுருண்டு மேலே போனது. ஜன்னலோரம் தொங்கிய கூண்டை அப்போதுதான் பார்த்தேன். அதற்குள் இருந்த இரண்டு லவ் பேர்ட்ஸும் தொப்பென்று விழுந்தன.

உள்ளேயிருந்து ஒரு பெண் பட்டுச்சேலையை இழுத்துச் செருகியபடி ஓடி வந்து, கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் பெண் பார்த்தது அப்படித்தான்.

இருமிக்கொண்டே எல்லோரும் பின்னால் போனோம். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, குருவிகளை மடியில் கிடத்தி முந்தானையால் விசிறினாள்.

“எலிக்கு ஒண்ணும் ஆகலன்னியளே” என்றார் அவள் அப்பா.

“எலி தாங்கும் மாமா. சுண்டெலின்னா சீக்கிரம் விழுந்துரும். குருவி வேகமா மூச்சு விடும்லா, அதுக்கும் முன்னாடி விழுந்துரும்.” (வாயை மூட எனக்குத் தெரியவில்லை.)

“அப்போ மனுசன்?”

“அது இன்னும் சரியாத் தெரியல.”

அவள் தலை நிமிராமலே கேட்டாள். “பெறகு எதுக்கு எலிய மட்டும் வச்சுப் பாக்குதிய?”

“எலிதான் இருந்துச்சு” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் ஒரு குருவி சிறகை உதறியது. கொஞ்ச நேரத்தில் மற்றதும் எழுந்து அவள் விரலைக் கொத்தியது. அதன் பிறகுதான் நான் மூச்சே விட்டேன்.

கல்யாணம் நடந்தது. இன்றும் நான் சங்கரன்கோவிலுக்குப் போனால் மாமனார் வாசலிலிருந்தே உள்ளே பார்த்துச் சொல்வார்: “மாப்ள வாராரு, கூண்ட மாடிக்குக் கொண்டு போங்க.”

நேற்று, முந்தாநாள் வைத்த சாம்பாரை முகர்ந்து பார்த்து, “ஒண்ணும் ஆகாது, சாப்பிடலாம்” என்றேன். பள்ளிக்கூடம் போகிற மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள்:

“யாருக்குப்பா?”