முப்பத்தேழரை டிகிரி

இனி என்னிடம் ஒரு கல்யாணமும் தொலையாது என்று சபதம் எடுத்தேன். மசாகா ஊரில் பதினைந்து வருஷமாகக் கல்யாணப் படம் பிடிக்கிறவன் நான். அத்தனை படமும் ஆறு டிஸ்க்குகளில், மேஜை இழுப்பறைக்குள், பிஸ்கட் பொட்டலத்தோடு கிடந்தன. போன மாதம் அதில் ஒன்று 'கிக் கிக்' என்று முனகிவிட்டு உயிரை விட்டது. ஒரு வீட்டின் பெண்கேட்பு விழா மொத்தமும் அதோடு போயிற்று. பெண்ணின் மாமன்மார் நான்கு பேர் கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல், சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே எல்லா டிஸ்க்குகளையும் ஒரே கம்ப்யூட்டரில் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து வீட்டிலேயே வைப்பது என்று முடிவு. கடையில் விற்கிற கம்ப்யூட்டர் தகரப் பெட்டிகளில் இத்தனை டிஸ்க் நுழையாது. மரத்தில் செய்துகொள்ள வேண்டியதுதான். மரத்துக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம், அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றது. எட்டு ம்வூலே மரப் பலகைகள். என் மனைவி நல்வோகா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. அவளுடைய பத்துக் கோழிகளுக்காக அதில் முட்டை பொரிக்கும் பெட்டி செய்து தருவதாக, அவள் அண்ணன் முன்னால் நான் வாக்குக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். பிறகு அவள் மட்டோகே வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த கத்தியிலிருந்து தள்ளி நின்று கேட்டேன்.

"அந்தப் பலகைய நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க."

ஒத்திகையில் இந்தப் பதிலே கிடையாது.

"கோபமில்லயே?"

"எதுக்குக் கோபம்? அந்தப் பொட்டி சூடாகுமா?"

"ஆகும். ஃபேன் இருக்கு. சூட்ட மேல தள்ளிடும்."

"அப்ப மேல ஒரு அறை விடுங்க. அதுல கம்பி வலைத் தட்டு ஒண்ணு."

"அது எதுக்கு?"

"நாளைக்கு இன்னும் நாலு டிஸ்க் வாங்க மாட்டீங்களா? நம்ம தொழில் வளர வேணாமா?"

நம்ம தொழில் என்றாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. கத்தியை வாங்கி மீதி வாழைக்காயை நானே உரித்தேன்.

தச்சர் கலான்சி நான் வரைந்து கொடுத்த பெட்டிப் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "இத மிரெம்பேயோட அம்மா பாத்தாங்களா?" என்றார். மிரெம்பே எங்கள் மகள். பாதி யோசனை நல்வோகாவுடையதுதான் என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டி வந்து, ஓடவும் தொடங்கியது. நல்வோகாவின் அக்கறையைப் பார்க்க வேண்டுமே. மேல் அறையில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டாள். தூசி விழாமல் மரப்பட்டைத் துணியால் போர்த்தினாள். என் சட்டையெல்லாம் தெருத் தூசி என்று என்னைத் திறக்க விடவில்லை. தினம் மூன்று வேளை அவளே துணியை நீக்கித் துடைத்தாள்.

"முப்பத்தஞ்சுதான் காட்டுது. காத்துத் துளை ரெண்ட அடைங்க. முப்பத்தேழரை இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"ரேடியோல சொன்னாங்க."

அடைத்தேன். ஒன்பது நாளில் எல்லாப் படமும் ஏறிவிடும் என்றேன். ஏறியது சரியா என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கக் கூடாதா, அந்த மாமன்மார் மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மாமன்மார் என்ற சொல்லே போதும். இரண்டு தடவை ஓட்டினேன். கரண்ட் போனால் நிற்கக் கூடாது என்றாள். கடைக்கு வாங்கிய சோலார் பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டினேன். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன்.

இருபத்தோராம் நாள் காலை, பெட்டிக்குள்ளிருந்து 'கீச்' என்றது. டிஸ்க் சாகிற சத்தம் எனக்குத் தெரியாதா? ஸ்விட்சை அணைக்கப் பாய்ந்தேன். நல்வோகா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடு, டிஸ்க் சாகுது."

"சாகல. பொறக்குது."

துணியை விலக்கினாள். வலைத் தட்டில் முப்பத்தாறு முட்டை. மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர், என் பதினைந்து வருஷச் சம்பாத்தியத்துக்கு நேர் மேலே. நடுவில் ஈரத் தலையோடு ஒரு குஞ்சு என்னையே பார்த்தது.

"நம்ம தொழில்னு சொன்னியே" என்றேன்.

"இதுவும் நம்ம தொழில்தான். எங்கண்ணன் முன்னாடி வாக்குக் குடுத்தீங்க. நீங்க மறந்துட்டீங்க, நான் காப்பாத்திக் குடுத்தேன். படம் ஏதாச்சும் தொலஞ்சுதா?"

சோதித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகளைப் பார்க்க அவள் அண்ணன் வந்தார். கோழி அடித்தோம். கோழியின் இரைப்பை வீட்டுத் தகப்பனுக்குத்தான் என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம், வேறு யாரும் தொடக் கூடாது. என்ன நடந்தாலும் அது ஒன்று எனக்கு மிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து தட்டை நீட்டினேன். நல்வோகா இரைப்பையைக் கிண்ணத்தில் எடுத்தாள். என்னைத் தாண்டிப் போனாள். மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் மரியாதையாக வைத்தாள்.

"முப்பத்தாறு முட்டைல முப்பத்திரண்டு குஞ்சு. இந்த வீட்ல தகப்பன் யாருன்னு நீங்களே சொல்லுங்கண்ணா."

அண்ணன் கை தட்டினார். என் தட்டுக்குக் கோழிக் கழுத்து வந்தது.