சொல்தா நடத்திய கலர் பரேடு

ஜவ்வரிசியை அட்டென்ஷனில் நிற்க வைக்கப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மூலக்குளத்தில் என் வீட்டு ஓனர். கீழே அவர், மாடியில் நான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவருக்கும் அதுதான் பெயர். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கினாரா என்று கேட்காதீர்கள். சமையல்கட்டில் கரண்டி தூக்கினார். ஆனால் மிடுக்கு மட்டும் ஜெனரல் மிடுக்கு. கொடியில் துணி காயப்போட்டால்கூட கிளிப்புகள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். ஒன்று கோணினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தார். இருப்பது ஒரே பெண் குழந்தை, மீனு. அவளுக்கு இரண்டரை வயதானபோது அந்தப் பாழாய்ப்போன வியாதி கண்ணில் பட்டது. இரண்டு கண்ணிலும் கட்டி. ஒன்றில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டு, உயிர் வேண்டுமானால் இரண்டு கண்ணையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது.

நாங்களெல்லாம் அழுதோம். சொல்தா டைம்டேபிள் போட்டார்.

"தம்பி, இருபது நாள்ல அவளுக்கு எல்லாக் கலரையும் காட்டிடணும். சும்மா காட்டுனா மறந்துடுவா. தொட்டு, மோந்து, பிசைஞ்சு பாத்தா உள்ள நிக்கும். போன்ல பாத்தேன், வெளிநாட்டுல குழந்தைங்களுக்கு இப்படித்தான் வெளையாட்டுக் காட்டுறாங்க."

பெரிய மார்க்கெட்டில் போய் சாப்பாட்டில் போடுகிற கலர்ப்பொடி, அரிசி, ஜவ்வரிசி, கடல்பாசி எல்லாம் வாங்கி வந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விசில் ஊதியது. "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டுகிற குரல். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு படியிறங்கி ஓடினேன். கூடத்தில் நாலு பிளாஸ்டிக் பேசின். கலர் ஏற்றிக் காயவைத்த ஜவ்வரிசியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அது உருண்டது. அதட்டினார். மறுபடியும் உருண்டது.

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் "ஐயோ பாவம்" என்று மூக்கைச் சிந்தினார்கள். மீனு பயந்து அழுதாள். அன்றோடு எல்லாருக்கும் கதவைச் சாத்திவிட்டார், எனக்கும் சேர்த்து.

மீனு எதையும் வாயில் வைப்பாள். அதனால் எல்லாவற்றையும் முதலில் தானே ஒரு கரண்டி தின்றுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார். நீல மாவு தின்ற அன்று ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். நாக்கையும் உதட்டையும் பார்த்த நர்ஸ், பேச விடாமல் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் போய் மீட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

இன்னொரு நாள் அவர் வீட்டுக் குழாயிலிருந்து சாக்கடையில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா தெருவே அதிரக் கத்தினார்.

"ஐயய்யோ ரத்தம்! சொல்தா என்னமோ பண்ணிக்கினாருடா!"

சொல்தா நிதானமாக வெளியே வந்தார். "ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பச்சைக் கலர் தண்ணி, போயி வேலையப் பாரும்மா."

இந்த நேரத்திலும் மனுஷனுக்கு என்ன குசும்பு என்று சிரித்தோம்.

பதினேழாம் நாள் இடியாப்பம் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. கிளிப்பச்சை ஜவ்வரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு மீனு கத்தினாள்: "செவப்பு!"

"பிராவோ!" என்று கைதட்டினார் சொல்தா.

பக்கத்தில் இருந்த டப்பாவில் அழகான கையெழுத்தில் 'சிவப்பு' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே பச்சைப் பொடி. சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் அவர் குசும்பு பண்ணவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, இது பச்சைண்ணே."

"வெளையாடாத தம்பி."

"சத்தியமாண்ணே."

டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்டா, சின்ன வயசுலேருந்தே. அதனாலதான் பட்டாளத்துல கரண்டியக் குடுத்தான். பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டுனப்ப லேபிள மாத்தி ஒட்டிட்டேன் போலருக்கு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடைசியாக் காட்டுனதையும் எம்பொண்ணுக்குத் தப்பாக் காட்டிட்டனேடா!"

மிச்சம் மூன்று நாள். பரேடு பொறுப்பு என் தலையில் விழுந்தது. மிளகாய்ப்பழம் காட்டினேன். முருங்கைக்கீரை காட்டினேன். என் மனைவியின் கல்யாணப் புடவையைக்கூட விரித்துக் காட்டினேன்.

"இது பச்சைடா கண்ணு."

"செவப்பு."

"இல்லடா, பச்சை."

"அப்பா சொன்னாங்க. செவப்பு!"

இரண்டாம் நாள் பேசினைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் மஞ்சளைக் காட்டினாலும் பதில் சொல்லவில்லை. தப்பாகிவிடுமோ என்று பயந்து கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

சொல்தா விசில் ஊதினார்.

"போதும், உட்டுடு தம்பி. அவ பாத்துட்டா. பேரு என்னாவா வேணா இருந்துட்டுப் போவுது."

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு சட்டமும் இல்லாமல் அப்பாவும் மகளும் நாலு பேசினையும் கலந்து, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு உருண்டார்கள்.

ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது. மீனு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை சொல்தா இஸ்திரி போட்ட சட்டையில் வீடு வீடாகப் போய் உத்தரவு போட்டார்.

"மீனுகிட்டப் பேசறப்ப பச்சையச் சிவப்புன்னு சொல்லணும், சிவப்பப் பச்சைன்னு சொல்லணும். அப்பதான் சரியான கலரு அவ மனசுல வரும். யாரும் மாத்திப் பேசக்கூடாது."

ரீட்டா அக்கா சல்யூட்டே அடித்துவிட்டு உள்ளே போய் அழுதார். இன்றுவரை எங்கள் தெருவில் மீனுவிடம் யாரும் வாய் தவறியதில்லை. கீரை விற்கிற அம்மாகூட அவளிடம் "செவப்புக் கீரை தரவாடி தங்கம்?" என்றுதான் கேட்பார்.

மீனுவுக்கு இப்போது நாலரை வயது. போன வாரம் பட்டுப் பாவாடை வேண்டும், சிவப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். சொல்தா ஒரு பையோடு மாடிக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"கடையில அஞ்சு பேரக் கேட்டுட்டேன், பச்சைதான்னு அஞ்சு பேரும் சொல்றானுங்க. இருந்தாலும் நீ ஒரு வாட்டி பாத்துச் சொல்லு தம்பி. இந்தத் தடவ தப்பாயிடக் கூடாது."

பாவாடையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் கலங்கிக்கொண்டு வந்ததில் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"பச்சைதாண்ணே. நல்ல பச்சை. போயிப் போட்டு விடுங்க."