தோணி நிறத்தில் ஓர் அலுமாரி

எனக்கு ரசனை உண்டு என்று யாரும் சொன்னதில்லை. நானாகத்தான் நம்பினேன். (அந்த வருத்தத்துக்கு மருந்தில்லை.)

கலியாணம் முடிந்ததும், எங்கள் பக்க வழக்கப்படி, பெரியகல்லாற்றில் சுபாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்குக் குடிவந்தேன். வாவியில் மீன் பிடிக்கும் மாமா கட்டிய வீடு. முன்னறையில் அவர் செய்வித்த தேக்கு அலுமாரி, முகம் பார்க்கலாம் போல மினுங்கிக்கொண்டு நின்றது.

மூன்றாம் மாதம் யூடியூப்பில் பிரான்ஸ் நாட்டுப் பண்ணை வீடுகளைப் பார்த்துத் தொலைத்தேன். வெள்ளையடித்த தளபாடம், அங்கங்கே உரிந்த பெயின்ட். பழசாகத் தெரிந்தால்தான் அழகாம். எங்கள் அலுமாரியோ புத்தம் புதுசு. சனிக்கிழமை வெள்ளையடித்தேன்; ஞாயிற்றுக்கிழமை அதையே சுரண்டினேன்.

"அப்பா பாத்தா என்ன நினைப்பார்?" என்றாள் சுபா.

"ரசிப்பார்."

அன்று பின்னேரமே மாமா இறாலோடு வந்தார். அலுமாரியை விரலால் தடவினார்.

"தம்பி, கறையான் அரிச்சிட்டா?"

"இல்ல மாமா, நான்தான் சுரண்டினன். பிரான்ஸ் ஸ்டைல்."

"நல்ல மரமெண்டுதான் எடுத்தன்," என்றார் மெதுவாக. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"மரம் பாக்கக் கரடியனாறு வரைக்கும் போனவர். தட்டித் தட்டிப் பாத்து எடுத்தவர்," என்றுவிட்டு இறால் உரிக்கப் போனாள் சுபா.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அலுமாரி பளீர் நீலத்தில் நிற்கிறது. மாமாவின் தோணிக்கு அடிக்கும் அதே நீலம். அடியில் தோணிக்குப் போலவே சிவப்புக் கோடு வேறு! பக்கத்தில் மாமா குந்தியிருந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில இதுதான் கிடந்திச்சு. தண்ணிக்கும் உரியாது. மருமகனுக்குப் பழசக் குடுத்திட்டான் எண்டு ஆரும் சொல்லப்படாது, தம்பி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதரை நான் எவ்வளவு நோகடித்திருக்கிறேன்!

"வடிவா இரிக்கு மாமா," என்றேன். உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போதும் வருடா வருடம் தோணிக்குப் பெயின்ட் அடித்தால், மிச்சத்தைக் கொண்டுவந்து அலுமாரிக்கும் ஒரு பூச்சுப் பூசுகிறார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வருகிறவர்களிடம் சுபா, "இது பிரான்சில இருந்து வந்த அலுமாரி" என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்வாள். மாரிமழை கொட்டத் தொடங்கினால் எங்கள் ஆறு வயது மகள் கத்துவாள்:

"அப்பா, அலுமாரியக் கட்டி வையுங்க! இல்லாட்டி அம்மப்பா தோணியெண்டு மீனுக்குக் கொண்டு போயிருவார்!"