விருந்து வாசலில் சிவப்பு அம்புகள்

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நாங்கள் புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்போம். பெண் பார்க்க வந்த என் கணவரையே நான் அப்படித்தான் பார்த்தேன். (வலது செருப்பில் தையல் விட்டிருந்தது. அப்படியும் சம்மதித்தேன் என்பதை அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு.)

இந்தப் பழக்கத்தோடு, நாற்பது வயதைத் தாண்டியபின், நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனேன். தரப் பரிசோதனைப் பிரிவில் என் ஒழுங்கைப் பார்த்து மயங்கிய கம்பெனி, காலணித் தயாரிப்பில் ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பி வைத்தது. கணவரையும் பிளஸ் டூ படிக்கும் மகள் நித்யாவையும் மாதனூரில் விட்டுவிட்டு, ஒரு குக்கரோடு போய் இறங்கினேன்.

படிப்பு பயமுறுத்தவில்லை. விடுதியின் பொதுச் சமையலறைதான் பயமுறுத்தியது. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே சிரித்துப் பேசிக்கொண்டு சமைப்பார்கள். நான் நுழைந்ததும் மரியாதையாக வழிவிட்டு ஒதுங்குவார்கள். வார்டன் என்று நினைத்தார்களோ என்னவோ. குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். பேச ஆளில்லாமல் சாப்பிட்டால் ரசத்தில் உப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரிவதில்லை.

நித்யா தினமும் வீடியோவில் வந்து விசாரிப்பாள்.

"இன்னாம்மா, யார்னா ஃபிரண்டு ஆனாங்களா?"

"எல்லாம் சின்னப் பசங்க. நான் போய் இன்னாத்த பேசறது?"

"எதனா கேளும்மா. ஊரு எது, வீட்ல யாரு, இன்னா சாப்பிடுவாங்க, இப்டி. நீ காலையே பாத்துனு நின்னா யாரு பேசுவாங்க?"

பின்னாலிருந்து கணவரின் குரல் வரும். "அவள பேஜார் பண்ணாத. அவ கண்ணாடி போட்டதே ஷூ பாக்கத்தான்."

ஒருநாள், வகுப்பில் என் பக்கத்து மேசையில் உட்காரும் மார்த்தா, சனிக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னாள். அவள் போர்ச்சுகல்காரி. கென்யாவிலிருந்து வந்த வாஞ்சிருவும் அவளும் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வகுப்பில் இன்னும் சிலரும் வருவார்கள் என்றாள். அந்த ஊரில் எனக்கு வந்த முதல் அழைப்பு. இதைக் கோட்டைவிட்டால் ஆண்டு முழுவதும் குக்கர்தான் துணை என்று தெரிந்துபோயிற்று.

எலுமிச்சை சாதத்தோடு போனேன். மாவுக் கையோடு கதவைத் திறந்தாள் மார்த்தா. "ஷூவ கழட்டிட்டு உள்ள வந்துடு, அடுப்புல தீயுது" என்று ஓடினாள். (அவள் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார்கள்.)

உள்ளே ஒரே சிரிப்பு. நுழைந்ததும் யாரிடம் என்ன கேட்பது என்று யோசித்தபடி வாசல் நடையில் நின்றேன். அங்கே எல்லோருடைய ஷூக்களும் குவியலாகக் கிடந்தன. யோசிக்கும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டுமே. ஜோடி சேர்த்தேன். அளவுப்படி வரிசையாக்கினேன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முகர்ந்தேன். மடக்கினேன்.

வாஞ்சிருவின் ஷூவில் இடது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. பை மாட்டுவது அந்தத் தோளிலா? யாரோ ஒருவருடைய ஷூவில் லேஸைக் கட்டிய நிலையிலேயே காலை நுழைத்து நுழைத்துப் பின்பக்கம் நசுங்கியிருந்தது. தினமும் தாமதமாக எழுபவரோ? நேரில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் ஷூக்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அவ்வளவு சுவாரசியமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அதோடு உள்ளே போயிருக்கலாம். ஆனால் மற்றப் பெண்கள் கைப்பையில் ஒட்டுப்பொட்டு அட்டை வைத்திருப்பதுபோல, நான் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வைத்திருப்பேன். எங்கள் தொழிற்சாலையில் எங்கே குறையோ அங்கே ஓர் அம்பு ஒட்டுவோம். கை தானாக ஒட்ட ஆரம்பித்தது. ஹீட்டர் பக்கத்தில் தனியாக இருந்த தேன்நிற ஜோடியில்தான் வேலை ஜாஸ்தி. தையல் கோணல், பசை கசிவு, வலதும் இடதும் ஒரே நிறமில்லை. அம்பு மேல் அம்பாக ஒட்டினேன்.

என்னைத் தேடிக்கொண்டு எல்லோரும் நடைக்கு வந்தார்கள்.

"இது இன்னா?" என்றாள் மார்த்தா.

"குறை இருக்கற எடம்" என்றேன் பெருமையாக.

வாஞ்சிரு குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணுதானா? பரவால்ல, நான் பாஸாயிட்டேன்."

மார்த்தா சிரிக்கவில்லை. தேன்நிற ஜோடி அவளே கையால் செய்தது. திங்கட்கிழமை தேர்வுக்கு வைக்க வேண்டியது. காலையில்தான் வர்ணம் பூசிக் காயவைத்திருந்தாள்.

"தோ, எடுத்துடறேன்" என்று ஒரு ஸ்டிக்கரை உரித்தேன். வர்ணமும் கூடவே வந்தது. அடுத்ததையும் உரித்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.) எல்லாவற்றையும் உரித்து முடித்தபோது, தோலில் வெளிறிய அம்புகள் பளிச்சென்று பதிந்திருந்தன. தேர்வாளர் குறை தேடவே வேண்டாம்.

விருந்தில் மார்த்தா என் பக்கம் திரும்பவில்லை. எலுமிச்சை சாதத்தை எல்லோரும் மிக மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை, வர்ணமும் தூரிகையுமாக அவள் வீட்டு வாசலில் நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்தவள் அதற்கு இடம் தரவில்லை.

"ரெண்டு அம்பு எதுக்குன்னு எனக்குப் புரியல. வந்து சொல்லு."

தரையில் உட்கார்ந்தோம். நான் காட்ட, அவள் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். அம்புகள் மறையும்வரை அடர்ந்த பழுப்பை அடுக்கடுக்காகப் பூசினோம். கை வேலையில் இருந்ததால் வாய் தானாகத் திறந்தது.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்றேன்.

"அம்மா. அவங்களும் ஷூ கம்பெனிதான், தையல் மெஷின். நீ பண்ணத அவங்களும் பண்ணியிருப்பாங்க. இன்னா, திட்டினே பண்ணியிருப்பாங்க."

வாஞ்சிரு டீ போட்டு வந்தாள். பேச்சு மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடியது. மார்த்தா தேர்வில் தேறினாள். அதன்பின் அந்த ஆண்டு நான் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டதாக நினைவில்லை.

போன டிசம்பரில் மார்த்தாவும் வாஞ்சிருவும் மாதனூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. வாசலில் ஷூவைக் கழற்றினார்கள். கழற்றியதை அங்கே விடாமல், மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். என் கணவர் ஒரு நொடி விழித்துவிட்டு, பீரோவைத் திறந்துவிட்டார்.

"இதுல வெச்சி பூட்டிக்கோங்கமா. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

நித்யா காரணத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எதிர்வீட்டு விமலா ஒரு கப் சர்க்கரை கேட்டு வந்தாலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறாள்.

"உனக்கு எதுக்குக்கா வேலை வெக்கணும்" என்கிறாள்.