அடடா போடும் லூர்துராஜ்

கச்சேரி கேசட்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. எந்த ஊரில் போய் இறங்கினாலும், பாஷை தெரியாத சீமையானாலும், நீங்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் டேப்ரிக்கார்டரைத் தட்டிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடையில் விற்கும் கேசட் அவருக்கு ஆகாது. ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு பாடியதெல்லாம் குளிப்பாட்டிப் பவுடர் பூசிய பாட்டு என்பார். அவருக்குக் கூட்டத்தின் முன்னால் பாடியதுதான் வேண்டும். அதில் யாராவது இரும வேண்டும், கைக்குழந்தை அழ வேண்டும், மைக் ஒரு தடவையாவது கூவ வேண்டும். பாட்டு? அதுவும் இருக்கலாம்.

தல்லாகுளத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி லூர்துராஜ். ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மனைவி அற்புதமேரி மிஷன் பள்ளியில் டீச்சர். சித்தப்பா மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டர், அவர்கள் வீட்டில் மாதா படத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது. அங்கே போனால் உங்களுக்குக் காபி கிடைக்கும். குடிக்கத்தான் முடியாது. தம்ளர் உதட்டைத் தொடும்போது லூர்துராஜின் ஆள்காட்டி விரல் எழும்பும்.

“இப்ப வரும் பாருங்க.”

“என்னண்ணே வரும்?”

“பஸ் ஹாரன். சுதியோட அப்படியே சேரும்.”

ஹாரன் வரும். சேராது. நீங்கள் தலையாட்டுவீர்கள். ஆட்டியதுதான் தப்பு. திருவாதவூர்த் திருவிழாவில் தகரப் பந்தலில் மழை கொட்டக் கொட்ட நாயனக்காரர் நிறுத்தாமல் வாசித்தது, கல்யாணக் கச்சேரி ஒன்றில் தபேலாக்காரர் பந்திக்கு எழுந்து போய்விட பாடகர் தொடையில் தட்டியே ஒப்பேற்றியது என்று கேசட் மேல் கேசட்டாக இறங்கும். ஒவ்வொன்றிலும், பாட்டு உச்சிக்குப் போகும் இடத்தில், காதுக்கு மிக அருகில் ஒரு குரல்: “அடடா, அடடா, அடடா.” மூன்று. குறையாது, கூடாது.

“யாருண்ணே அது?”

“யாரோ நல்ல ரசிகர்,” என்று சொல்லிவிட்டு லூர்துராஜ் கூரையைப் பார்ப்பார். அற்புதமேரி அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த ரசிகரோடுதானே அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

இதெல்லாம் வீட்டுக்குள் விளையாட்டாகவே போயிருக்கும். அவள் தம்பி சவரியப்பனுக்கு ஒரு வாய்ப்பு வந்து காரியத்தைக் கெடுத்தது. சவரியப்பன் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தான்; ஏணி மேல் நின்று டியூப்லைட் மாட்டும்போதும் பாடுவான்; எப்படியாவது மேடைப் பாடகனாகிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையில்லை. மெல்லிசைக் குழு நடத்தும் உக்கிரபாண்டிக்கு அப்போது ஒரு பாடகன் தேவைப்பட்டது.

“ஆளுக முன்னாடி பாடுனதக் கேசட்ல கொண்டா. வீட்டுக்குள்ள எவனும் பாடுவான். ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற பையன் இருக்கான்,” என்றார் அவர்.

சனிக்கிழமை கோச்சடைப் பக்கம் மாதா கோயில் திருவிழா. அங்கே ஒரு பாட்டுப் பாட இடம் கிடைத்தது.

“பதியறதுக்கு நான் இருக்கேன் மாப்ள,” என்றார் லூர்துராஜ்.

“அதான் மச்சான் பயமா இருக்கு.”

கிளம்பும்போது அற்புதமேரி கணவர் கையில் ஒரு கமர்கட்டை வைத்தாள். “அவன் மேடையேறுனதும் வாயில போட்டுக்கங்க. பாடி முடிக்கிற மட்டும் துப்பக் கூடாது.”

“என்னைய நம்ப மாட்டியா?”

“உங்கள நம்புறேன். உங்க வாயத்தான் நம்ப முடியல.”

முன்வரிசையில், மடியில் டேப்ரிக்கார்டரோடு, பல்லிடுக்கில் கமர்கட்டோடு அவர் உட்கார்ந்தார். சவரியப்பன் ஆரம்பித்தான். கூட்டம் கடலை உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிற்று. பாதிப் பாட்டில் கரண்டு போனது. மைக் செத்தது. மடியில் இருந்தது மட்டும் பேட்டரியில் சுற்றிக்கொண்டிருந்தது. சவரியப்பன் ஒரு மூச்சு நின்றான். பிறகு மேடையின் விளிம்புக்கு வந்து வெறுங்குரலில் விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.

பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அற்புதமேரி கணவரைப் பார்த்தாள். விரல் எழும்பவில்லை. டேப்ரிக்கார்டரையே அவர் மறந்துபோயிருந்தார். தம்பியின் குரல் மேலே ஏறி, லேசாக நடுங்கி, அங்கேயே நின்றபோது, கமர்கட்டையும் மீறி அவர் வாயிலிருந்து ஒன்று வழிந்தது.

“அவ்வவ்வா.”

மறுநாள் உக்கிரபாண்டியின் ஒத்திகைக் கொட்டகையில் மூவரும் கேசட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லூர்துராஜ் பழைய கேசட்டின் நடுவிலிருந்து பதிந்திருந்தார். அதனால் முதலில் கேட்டது ஏதோ பழைய கச்சேரியின் வால்: “அடடா, அடடா, அடடா.” அற்புதமேரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சவரியப்பன், கடலை, ஊர்க்கதை, கரண்டு போன அமைதி, தொலைவில் மெலிந்த வெறுங்குரல். குரல் உச்சிக்குப் போன இடத்தில் அதை முழுசாக மூடிக்கொண்டு ஓர் “அவ்வவ்வா.”

“அந்த ஒரு வரிதான் மச்சான் பாட்டே,” என்றான் சவரியப்பன், தரையைப் பார்த்து. லூர்துராஜ் முதல் தடவையாகக் கூரையைப் பார்க்கவில்லை.

உக்கிரபாண்டி அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

“முன்னாடி மூணு அடடா கேட்டுச்சே, அதுவும் இவருதானா?”

“ஆமாங்க,” என்றாள் அற்புதமேரி.

“அது போட்ட அடடா. இது தானா வந்தது. வாயில என்னத்தையோ அடக்கி வச்சிருந்த மனுசன் அதையும் மீறிச் சொல்லியிருக்காருன்னா, அந்த வரிய நான் வேற கேக்கணுமாக்கும்? தம்பி, நாளைக்கு ஒத்திகைக்கு வந்துரு.” அப்புறம் அற்புதமேரி பக்கம் திரும்பினார். “டீச்சர், எங்க கச்சேரிக்கு இவரக் கூட்டிட்டு வந்தா முன்வரிசையில மட்டும் உக்கார வச்சுராதீக.”

இப்போது லூர்துராஜ் வீட்டில் முதலில் ஓடுவது அந்தக் கேசட்தான். விரல் எழும்புகிறது.

“இப்ப வரும் பாருங்க.”

“என்ன, உங்க மச்சினன் குரலா?”

“அதுவுந்தான்.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் அலமாரியிலும் நீங்கள் நேரில் போயிருந்த கச்சேரியின் கேசட் ஒன்று இருக்குமே. பாட்டு முடிந்து கைதட்டல் கிளம்பும் இடத்தில், எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறீர்களே, அது யாருடைய கைக்காக?